உச்சி வெயிலில் இன்னாசி அண்ணனின் கண்

போன மாதம் எங்கள் ஊர்ப் புகைப்படக்காரர்கள் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். பேச அவ்வளவு ஆசை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "சார், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெளியில வச்சு போர்ட்ரெய்ட் எடுக்கணும்னு வந்தா நீங்க என்ன சொல்லுவீங்க? நாங்க சாயங்காலம் வாங்கன்னு அனுப்பிருதோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மைக்கைப் பிடித்தவன்தான், டீ வந்து வடை வந்து, கூட்டத் தலைவர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்த பிறகும் விடவில்லை. தூத்துக்குடியில் கடை போட்டுக்கொண்டு வெயில் ஆகாது என்றால் எப்படி ஐயா? அன்றைக்கு முழுதாகச் சொல்லவிடாததை இங்கே எழுதிவிடுகிறேன். இங்கே என் கையிலிருந்து மைக்கை யாரும் வாங்க முடியாது.

மாப்பிள்ளையூரணியில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மூத்த மகன் தராசைப் பிடிப்பான் என்று இருந்தார். மகன் காமிராவைப் பிடித்துக்கொண்டு மில்லர்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போய்விட்டான். சில வருஷம் இருட்டறையில் படம் கழுவினேன், சில வருஷம் கல்யாண வீடுகளில் லைட் தூக்கினேன், அதற்குள் பிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. இதில் யாரும் கேட்டு மகிழ எதுவும் இல்லை. ஆனால் ஸ்டுடியோ முதலாளி பிலோமினா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

அக்கா காமிராவைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன கடை அது. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். நாங்கள் பிரிண்ட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைப்போம். ஒரு போஸ்ட்கார்டைப் பாதியாகக் கிழித்து வைத்திருப்பார். அதை எடுத்துப் படத்தில் இருப்பவரின் மூக்குக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கண்களை மட்டும் பார்ப்பார். பிடித்திருந்தால் விரலால் மேஜையை ஒரு தட்டு. பிடிக்காவிட்டால் படத்தைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளிவிட்டு மெதுவாகக் கேட்பார்.

"யாருலே இது?"

"உப்புக் கம்பெனி மேனேஜர்க்கா."

"அவர எங்க? இதுல அவரு சட்டை மட்டுந்தான இருக்கு. திரும்பப் போ."

அவ்வளவுதான் திட்டு. ஆனால் ஒரு மேனேஜரிடம் போய் 'சார், மறுபடியும் நில்லுங்கள்' என்று கேட்பதை விட நாலு அறை வாங்கியிருக்கலாம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்காவ, அப்புறம் என்னக்கா?" என்று கேட்டேன்.

"பல்லக் காட்டச் சொன்னா எவனும் காட்டிருவாம்லே. கண்ணு நீ சொன்னபடி கேக்காது. அதனாலதான் அத மட்டும் பாக்கேன்" என்றார்.

இந்த அம்மாவிடம் வேலை பார்த்துக்கொண்டு வெயிலில் படம் எடுப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! சூரியன் படம் எடுப்பவனின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்துப் பாடம். அப்படியென்றால் எதிரே நிற்பவரின் மூஞ்சியில் நேராக அடிக்கும். எங்கள் ஊர் வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், மாமனார், ஒருவர் பாக்கியில்லாமல் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி இருப்பார்கள். அக்காவின் அரைக் கார்டுக்கு முன்னால் அதில் ஒன்றுகூட நிற்காது.

எனக்கு வழி காட்டியது உப்பளம். ஒரு மத்தியானம், உப்பு வாரும் பெண்கள் நாலைந்து பேரைப் படம் எடுக்கப் போயிருந்தேன். என் கோணத்துக்கு வசதியாக அவர்கள் நிற்கவில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உப்புக் குவியலைப் பார்த்து நின்றார்கள். சரி, கெட்டுத்தான் போகும் என்று எடுத்தேன். வந்து பார்த்தால் முகமெல்லாம் வெளிச்சம்! தலைக்கு மேலே இருக்கிற வெயில் உப்பில் பட்டுக் கீழேயிருந்து திரும்பி வந்து, கண்குழியில், மூக்குக்கு அடியில், தாடைக்கு அடியில் இருந்த கறுப்பை எல்லாம் துடைத்துவிட்டிருந்தது. அக்கா கார்டை வைத்துப் பார்த்துவிட்டு மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் பீச் ரோடு வரைக்கும் போய்விட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதிலிருந்து எங்கே போனாலும் நான் ஆளைப் பார்க்க மாட்டேன், வெயில் எதில் பட்டுத் திரும்புகிறது என்று பார்ப்பேன். வெள்ளைச் சுவர், மணல், படகின் பக்கப் பலகை, ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு பேர் விரித்துப் பிடித்த வேட்டி. தெர்மாகோல் அட்டையை மட்டும் கடற்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரு மாப்பிள்ளையைக் கடற்கரையில் நிறுத்தி எடுத்தபோது காற்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் அவருடைய பெரிய வாப்பாவின் தலையில் சாத்தியது. துபாயிலிருந்து வந்திருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரிய வாப்பா மட்டும் சாப்பாடு முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது கண். இதைக் கவனமாகப் படியுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதில்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் நம் கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புப் பாப்பா சுருங்கிக் கடுகாகிவிடும். அப்போது எடுத்தால் பார்வை கல் மாதிரி இருக்கும். அதனால் நான் ஆளைக் கண்ணை மூடச் சொல்லிவிடுவேன். மூடியபடி கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் திறக்கச் சொல்வேன். திறந்த அந்தக் கணத்தில் ஒரு கிளிக். பாப்பா இன்னும் அகலமாக இருக்கும், சுற்றியிருக்கும் பழுப்பு வெளிச்சத்தில் கருப்பட்டிப் பாகு மாதிரி மின்னும், கூச்சம் இன்னும் வந்திருக்காது. ஆஹா, அந்தப் பார்வை! உடனே, எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டாவது கிளிக். அதற்குள் பாப்பா சுருங்கியிருக்கும். முதல் படம் வாடிக்கையாளருக்கு, இரண்டாவது படம் குப்பைக்கு. வருஷக்கணக்காக அப்படித்தான் வேலை பார்த்தேன்.

இன்னும் ஒன்று: வெயிலில் காமிராத் திரையில் எதுவும் தெரியாது. தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ஆளை அனுப்புவேன். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்.

தருவைகுளத்தில் தொம்மை அண்ணாச்சி புதுப் படகு கட்டியிருந்தார். அந்த ஊர்ப் படகுகள் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடித்துவிட்டுத்தான் திரும்பும். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து படகை மந்திரித்து முடித்ததும், படகில் போகிற ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே போர்டில் வைத்துத் தன் வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. மறுநாள் விடியற்காலையில் படகு முதல் பயணம் கிளம்புகிறது. சாமியார் வர நேரமாகி, மந்திரிப்பு முடியும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. எனக்கு அதனால் கவலையே இல்லை. படகின் பக்கவாட்டில் புத்தம்புது வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"படகப் பாத்து நிக்கச் சொல்லுத? அப்போ படகு படத்துல வராதேலே!" என்று அண்ணாச்சி குதித்தார்.

"படகு குரூப் போட்டோல இருக்கு அண்ணாச்சி. இதுல ஒங்க படகோட வெளிச்சம் எல்லா மூஞ்சியிலயும் விழும். எந்த மொதலாளிக்குக் கெடைக்கும்?"

அதைக் கேட்டதும் குளிர்ந்துவிட்டார். ஒவ்வொருவராக வந்தார்கள், கண்ணை மூடினார்கள், திறந்தார்கள். எல்லாம் அருமையாக விழுந்தன. கடைசியாக இன்னாசி அண்ணன். படகை ஓட்டிக் கொண்டு போகிறவரை அங்கே டிரைவர் என்பார்கள். எந்தப் பக்கம் போவது, எங்கே வலை விடுவது எல்லாம் அவர் சொல்வதுதான். அவர் கல்யாணத்தைப் படம் எடுத்தவனே நான்தான். போர்டின் நடுவில் வர வேண்டியது அவர் படம்.

எண்ணினேன், திறந்தார். இடது கண் பாதிதான் திறந்தது.

"அண்ணே, எடது கண்ணையும் தொறங்க."

"தொறந்துதாம்லே இருக்கேன்."

"ஏலே, அண்ணன் மதினியப் பாத்துக் கண்ணடிக்காரு, அவரை எதுக்கு வெரட்டுத?" என்று யாரோ கத்த, கரையே சிரித்தது. கூட்டத்தில் நின்ற அவர் மனைவி ரோசம்மா மதினி மட்டும் சிரிக்கவில்லை.

மறுபடி மூடச் சொல்லி எடுத்தேன். மறுபடியும் அதே. துண்டைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் இரண்டு பாப்பாவும் அகலம். இரண்டாவது படத்தில் வலது பாப்பா ஒழுங்காகச் சுருங்கிவிட்டது. இடது பாப்பா அப்படியே அகலமாக இருந்தது. அடுத்த முறை எடுத்ததிலும் அப்படியே. அந்த வெயிலில், எதிரே அவ்வளவு பெரிய வெள்ளைப் படகு எரிந்துகொண்டிருக்கும்போது, ஒரு கண் அறைக்குள் இருப்பது போல இருந்தது. எத்தனை ஆயிரம் கண்களைப் பார்த்திருப்பேன்! இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் கண் தெரியும், இது சரியில்லை.

ஐஸ் கொண்டுவந்த லாரி நிழலுக்கு அவரைக் கூட்டிப் போனேன். நிழலிலும் இமை தொங்கியபடிதான் இருந்தது. வெயில் கூசுவதால் என்றால் இங்கே திறந்திருக்க வேண்டுமே! மதினியைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு இந்தக் கண்ணு எப்பவும் இப்பிடியா?" என்று கேட்டேன்.

மதினி சுற்றும்முற்றும் பார்த்தார். "நேத்துச் சாயங்காலத்துல இருந்துதான் தம்பி. அதுக்கு முன்ன இருந்தே மண்டை பொளக்குதுன்னு மாத்திரையா முழுங்குதாவ. மொதப் பயணம், யாருட்டயும் மூச்சு விடாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாவ."

நேராக இன்னாசி அண்ணனிடமும் அண்ணாச்சியிடமும் போய், கண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது, டாக்டரிடம் காட்டிவிட்டுக் கடலுக்குப் போகட்டும் என்றேன்.

"வெயில்ல கூசுதுலே. பார்வை தெரியுது, அது போதும். ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் போட்டாச்சு. ஓம் பேச்சக் கேட்டு நான் கரையில குந்தவா?" என்றார் அண்ணன்.

அண்ணாச்சிக்குக் கண் சிவந்துவிட்டது. "மந்திரிச்ச அன்னைக்கே அச்சானியமாப் பேசுத. படம் எடுக்க வந்தியா, சோசியம் பாக்க வந்தியா?"

நான் தள்ளிப் போய் பிலோமினா அக்காவுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது என்னன்னு எனக்கும் தெரியாதுலே. ஆனா தெரியாத கண்ணக் கடலுக்கு அனுப்பாத."

"வர மாட்டேங்காரேக்கா!"

"டாக்டர்னா வர மாட்டான். போட்டோன்னா வருவான். வெயில்ல ஒனக்குப் படம் வரலன்னு சொல்லு, ஸ்டுடியோவுக்கு வந்தாத்தான் ஆவும்னு சொல்லு. கூட்டிட்டு வா, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? தருவைகுளத்திலிருந்து திருச்செந்தூர் வரைக்கும், எந்த வெயிலிலும் எடுப்பேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். அத்தனை பேர் முன்னால் நின்று, "அண்ணாச்சி, டிரைவர் படம் மட்டும் வரல. வெயில் சாஸ்தி, என்னால முடியல. மில்லர்புரத்துக்கு வந்தாத்தான் சரியா விழும்" என்றேன். என்ன ஊளை, என்ன விசில்! "துண்டப் போட்டு மூடும்போதே நெனச்சேன்" என்றான் ஒருவன். என் காது இரண்டும் எரிந்தன. ஆனால் அண்ணாச்சி, "டிரைவர் படம் இல்லாம ஒரு போர்டா? ஏ இன்னாசி, நம்ம கார எடுத்துட்டுப் போ, ஒரு எட்டுல போயிட்டு வந்துரு" என்றார். அந்த நிமிஷம் அவர் காலில் விழவும் தயாராக இருந்தேன். மதினி எங்களுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வழியெல்லாம் அண்ணன் என்னைக் கிண்டல் செய்துகொண்டு வந்தார். ஊர் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. தலையைக் கார் கண்ணாடியில் சாய்த்து, நெற்றியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டியவரை நான் பாட்டுக்கு விரட்டிக்கொண்டே வந்தேன்.

ஸ்டுடியோ வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கல்லாவை விட்டு இறங்கி அவர் வாசலில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையில் அந்த அரைப் போஸ்ட்கார்டு. அதை நேராக இன்னாசி அண்ணனின் மூக்குக்குக் கீழே பிடித்துக் கண்களைப் பார்த்தார். உயிருள்ள மனிதருக்கே கார்டு வைத்துவிட்டார்! அண்ணன் மிரண்டு போய் அசையாமல் நின்றார்.

"கண்ணு செவந்து கெடக்கு இன்னாசி, இப்ப எடுத்தா நல்லா இருக்காது. அடுத்த தெருவுல கண் டாக்டரம்மா இருக்கா. ரெண்டு சொட்டு மருந்து போட்டுட்டு வந்துருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண், இடது கண், மறுபடி இடது கண். "தலைவலி இருக்கா?" என்றார். அண்ணன் இல்லை என்பதற்குள் மதினி, "நாலஞ்சு நாளா இருக்கும்மா" என்று அழுதுவிட்டார். டாக்டரம்மா டார்ச்சை வைத்துவிட்டு அண்ணனை அங்கேயே படுக்கச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இது கண்ணுல உள்ள வியாதி இல்ல. மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு வீங்கி, கண்ணுக்கு வர்ற நரம்ப அமுக்குதுன்னு சந்தேகப்படுதேன். அது எப்ப வேணாலும் வெடிக்கலாம். ஸ்கேன் எடுக்கணும், இப்பவே."

"விடியக்காலம் கடலுக்குப் போவணுமே" என்றார் அண்ணன், படுத்தபடி.

"இன்னைக்கு நீங்க மாடிப்படி கூட ஏறக் கூடாது" என்றார் டாக்டரம்மா. ஆம்புலன்ஸுக்கு அவரே போன் செய்தார்.

அவர் சந்தேகப்பட்டதுதான் ஸ்கேனிலும் இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். வெடிப்பதற்கு முன்னால் வந்ததால் பிழைத்தார் என்றார்கள். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், சுற்றிலும் தண்ணீராக இருக்கும்போது அது வெடித்திருந்தால்! ஐஸ் எல்லாம் உருகி, வேறு டிரைவர் தேடி, படகு பிந்தித்தான் போனது. தொம்மை அண்ணாச்சி ஊரெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்தார். மதுரையிலிருந்து சேதி வந்த அன்று அவர் அனுப்பிய ஒரு பெட்டி நிறையச் சீலா மீன் ஸ்டுடியோவில் வந்து இறங்கியது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எவம்லே இதக் கல்லாவுக்குப் பக்கத்துல வச்சது?" என்று கத்திவிட்டு, பெரிய மீனாகப் பார்த்து ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டார்.

உயிர் பிழைத்ததோடு முடிந்துவிடவில்லை. இமை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஆனால் பாப்பா சுருங்குமா என்று சொல்ல முடியாது, சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று மதுரை டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சுருங்காத கண்ணோடு கடல் வெளிச்சத்தில் படகு ஓட்ட முடியாது. மாதக்கணக்காக அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். "கடல் இல்லன்னா நான் என்னத்துக்குலே" என்று போனில் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

அடுத்த முறை டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் மதினி கூப்பிட்டார். "தம்பி, அந்தப் போர்டுல அவிய எடம் காலியாவே கெடக்கு. படம் எடுக்கணுமாம். மத்தவிய நின்ன எடத்துலதான் நிப்பேன், அதே நேரத்துலதான் நிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்காவ."

போனேன். அதே உச்சி வெயில். படகு கடலிலிருந்து திரும்பி வந்து துறையில் கிடந்தது. பெயிண்ட் கொஞ்சம் அழுக்கு, ஆனாலும் வெளிச்சம் போதும். ஆட்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மதினியிடம் கொடுத்தார், கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன. கிளிக். உடனே இன்னொரு கிளிக்.

துண்டைப் போட்டுக்கொண்டேன். முதல் படத்தை நான் பார்க்கவே இல்லை. இரண்டாவதைத்தான் பெரிதாக்கினேன். வலது பாப்பா கடுகு. இடது பாப்பாவும் கடுகு! ஒரு மயிரிழை பெரிதாக இருக்கலாம், அவ்வளவுதான். மறுபடி பார்த்தேன். இன்னும் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தேன். வெளியே மணலில் கால்கள் நெருங்கி வருவது கேட்டது. போன முறை நான் இப்படித்தான் துண்டுக்குள் நின்றேன் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"என்னலே முருகேசா?" என்ற அண்ணனின் குரல் மெலிந்து கேட்டது.

துண்டை வீசி எறிந்தேன். "சுருங்கிட்டு மதினி! ரெண்டும் சுருங்கிட்டு!"

என்ன சுருங்கியது என்று ஆட்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். மதினி ஓடிவந்து காமிராவைப் பிடுங்கி, முந்தானையால் வெயிலை மறைத்துத் திரையின் மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. படகைப் பார்த்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்த இன்னாசி அண்ணன் கத்தினார்:

"ஏளா, அங்கன என்னத்தப் பாக்க? நாந்தான் இங்கன நிக்கேம்லா, என்னையப் பாரு."